கதை கேட்கும் குழந்தை

கதை கேட்கும் ஆவல் மாந்தர் எல்லார்க்கும் உண்டு. ஆயினும், வளர்ந்தோர் கதை கேட்கும் முறை வேறு. குழந்தைகள் கேட்கும் முறை வேறு. வளர்ந்தோர் கதையின் முடிவை நோக்கி விரைவர். முடிவு கண்டபின் அதன் பயன் யாதென ஆராய்வர். பயன் கண்டபின் கதையை மறந்துவிடுவர். குழந்தையோ கதைக்குள்ளே புகுந்து குடியேறிவிடும். அங்குள்ள ஆற்றில் கால் நனைக்கும். அங்குள்ள மரநிழலில் அமரும். அங்கே பசித்தவர் யார், அழுதவர் யார் என்று தேடித் திரியும். கதை சொன்னவர் உறங்கிய பின்னரும் கேட்ட குழந்தை அக்கதையை விட்டு வெளியே வருவதில்லை.

33 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு இவ்வுண்மையைத் தெள்ளத் தெளியக் காட்டியவள் என் பேத்தி. ஆறு வயது நிரம்பாத அச்சிறுமி பாளையங்கோட்டையில் எங்களோடு வளர்கின்றாள். அவள் தாய் குவைத்து நாட்டில் ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகின்றாள். தந்தை சரக்குக் கப்பலில் ஊழியம் செய்பவர். ஆண்டுக்கு ஒருமுறை தாய் விடுமுறையில் வருவாள். கப்பல் கரை சேரும் காலம் பார்த்துத் தந்தை வருவார். மற்ற நாள்களில் தாத்தாவும் ஆச்சியுமே அவளுக்குத் துணை.

எங்கள் இல்லத்தில் மாலையில் விளக்கேற்றி வழிபாடு முடிந்தபின், விவிலிய நூலிலிருந்து ஒரு கதை சொல்லுதல் என் தந்தையார் நாள் முதலாக உள்ள வழக்கம். அந்நூலின் ஒரு பகுதியாகிய புதிய ஏற்பாடு, 1715ஆம் ஆண்டிலேயே தரங்கம்பாடியில் தமிழில் அச்சேறி முடிந்தது. எனவே முந்நூறு ஆண்டுகளாகத் தமிழ்க் குழந்தைகள் பலர் அக்கதைகளைத் தாய்மொழியிலே கேட்டு வளர்ந்துள்ளனர். நானும் அவ்வாறே வளர்ந்தவன். நான் நூறு முறை கேட்ட அக்கதைகளை என் பேத்திக்குச் சொல்லத் தொடங்கியபோது, அவற்றில் நான் என்றுமே கண்டிராத வாயில்கள் ஒவ்வொன்றாகத் திறக்கலாயின.

முதலிற் சொன்னது நோவாவின் கதை. உலகில் தீமை பெருகியபோது இறைவன் வெள்ளத்தை அனுப்பக் கருதினார். நோவா என்னும் நல்லவரை அழைத்து, மரத்தால் ஒரு பேழை செய்யுமாறு பணித்தார். அதன் நீளம் 300 முழம். அகலம் 50 முழம். உயரம் 30 முழம். இவ்வளவையே நான் சொன்னேன். உடனே அவள் எழுந்து, முழங்கை முதல் விரல்நுனி வரை தன் கையை நீட்டித் திண்ணையை அளக்கத் தொடங்கினாள். திண்ணையின் கோடியை அடைந்ததும் திரும்பி, "தாத்தா, யார் கை முழம்? நோவா கையா, என் கையா?" என்று வினவினாள்.

மாணவர்களே! இது விளையாட்டு வினா அன்று. முழம் என்னும் அளவு கைக்குக் கை வேறுபடும். நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் வேறுபடும். பண்டைக்கால முழத்தின் அளவு யாது என்று அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் என்று கொண்டால், பேழையின் நீளம் 135 மீட்டர் ஆகும். அறிஞர் ஏட்டைப் புரட்டி எழுப்பிய வினாவைச் சிறுமி தன் சின்னஞ்சிறு கையை நீட்டி எழுப்பிவிட்டாள்.

பெருமழை 40 பகலும் 40 இரவும் பெய்தது என்று நான் சொன்னபோது அவள் முகம் மாறியது. அதற்குக் காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 17, 18 ஆம் நாள்களில் தாமிரபரணிக் கரை ஊர்களில் பெய்த மழையை எங்கள் பகுதியார் எளிதில் மறவார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை கொட்டியது. ஆறு கரையை மீறி ஊருக்குள் புகுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி திருவைகுண்டத்தில் நின்றுவிட, ஏறத்தாழ 800 பயணிகள் அங்கே அகப்பட்டுக்கொண்டனர். அந்நாளில் அவள் மிகச் சிறியவள். ஆயினும் மாடியில் நின்று தெருவில் ஓடிய வெள்ளத்தைக் கண்டது அவள் நெஞ்சில் பதிந்திருந்தது.

"பேழையின் கதவைச் சாத்தின பிறகு, வெளியே நின்றவர்கள் கதவைத் தட்டினார்களா, தாத்தா?" என்று அவள் கேட்டாள்.

அறிஞர் பலர் அஞ்சி நிற்கும் இடம் அது. தீயோர் அழிந்தனர் என்று சொல்லி மேலே செல்லுதல் எளிது. ஆயினும் குழந்தை கேட்டது அறத்தின் கணக்கை அன்று; கதவைத் தட்டும் ஓசையை அவள் தன் காதால் கேட்டுவிட்டாள். நான் திருவைகுண்டத்தில் நடந்ததைச் சொன்னேன். அகப்பட்ட பயணிகளுக்கு அருகிலிருந்த சிற்றூர் மக்கள், தாமும் வெள்ளத்தால் நலிந்த நிலையிலும், சோறு சமைத்துக் கொடுத்ததைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவள் வரைந்த படத்தில், பேழையின் பலகணியிலிருந்து ஒரு நீண்ட கயிறு நீர் வரை தொங்கிக்கொண்டிருந்தது. "இது எதற்கு?" என்று கேட்டேன். "வருகிறவர்கள் பிடித்துக்கொள்ள" என்றாள்.

அக்கதையில் வேறொரு பகுதியும் உண்டு. வெள்ளம் வடிந்ததா என்று அறிய நோவா முதலில் ஒரு காகத்தை வெளியே விட்டார். அது போவதும் வருவதுமாய்த் திரிந்தது. பின்னர் ஒரு புறாவை விட்டார். புறா ஒலிவ மரத்தின் இலையொன்றைக் கொண்டுவந்தது. உலகெங்கும் புறா அமைதியின் சின்னமாயிற்று; ஓவியர் அதனைத் தீட்டினர்; கொடிகளிலும் அது இடம்பெற்றது. காகத்தை எவரும் நினைப்பதில்லை. என் பேத்தி காகத்தையே நினைத்தாள். "முதலில் போனது காக்காய்தானே? அதற்கு உட்கார இடம் இல்லை, சோறு வைக்கவும் ஆள் இல்லை" என்று இரங்கினாள். அன்றுமுதல் ஆச்சி காலையில் காகத்துக்குச் சோறு வைக்கும்போது, அதன் அருகே ஒரு பிடி சோறு தனியே வைக்கப்படுகின்றது. அது நோவாவின் காகத்துக்கு உரிய பங்கு. விருந்து வரக் கரைந்த காக்கையைப் பாடிக் காக்கைபாடினியார் என்று பெயர் பெற்ற புலவர் வாழ்ந்த நாட்டில், காகத்துக்கு இந்தப் பரிவு கிடைத்ததில் வியப்பு என்ன?

தாவீது என்னும் சிறுவன் கோலியாத்து என்னும் வலியவனைக் கவண்கல்லால் வீழ்த்திய கதை வீரத்துக்கு எடுத்துக்காட்டாக எங்கும் சொல்லப்படுவது. ஓடையிலிருந்து தாவீது ஐந்து கூழாங்கற்களைத் தெரிந்தெடுத்தான், ஒன்றை எறிந்தான், பகைவன் வீழ்ந்தான். இவ்விடத்தில் சிறுவர் கைகொட்டி மகிழ்வர். என் பேத்தி விரல்களை மடக்கி எண்ணினாள். "மீதி நான்கு கல் எங்கே?" என்றாள். நூலில் அதற்கு விடை இல்லை. சில நாள் கழித்து நாங்கள் பாபநாசம் சென்று தாமிரபரணியில் நீராடியபோது, அவள் நான்கு கூழாங்கற்களைத் தேடி எடுத்தாள். கரையில் சிறிது நேரம் அவற்றைக் கையில் வைத்திருந்தாள். பின்னர் ஒவ்வொன்றாக நீருக்குள் இட்டு, "தாவீது இப்படித்தான் செய்திருப்பான். இனிமேல் யாரையும் அடிக்க வேண்டாமே" என்றாள். வென்றவன் கையில் எஞ்சிய படைக்கலம் என்னவாக வேண்டும் என்பது அரசர்க்கும் அமைச்சர்க்கும் உரிய கேள்வி. அதற்கு ஐந்து வயதுச் சிறுமி ஆற்றங்கரையில் ஒரு விடை கண்டாள்.

ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கொண்டு இயேசுபெருமான் ஐயாயிரவர்க்கு உணவளித்தார் என்பது மற்றொரு கதை. அந்த வாற்கோதுமை அப்பங்கள் ஒரு சிறுவனிடமிருந்து பெற்றவை. எல்லாரும் உண்டபின் எஞ்சிய துணிக்கைகள் பன்னிரண்டு கூடை நிறைந்தன. கதை இங்கே முடிகின்றது. சிறுவனின் பெயரும் இல்லை. அவன் பின்னர் என்ன ஆனான் என்ற செய்தியும் இல்லை. "அந்த அப்பத்தை அவன் அம்மாதானே சுட்டுக் கொடுத்தாள்? அவளுக்கு ஒரு கூடை கொடுத்து அனுப்பினார்களா?" என்று பேத்தி கேட்டாள். மீண்டும் அக்கதையைச் சொல்ல நேர்ந்தபோது, "பதினொரு கூடை என்று சொல்லுங்கள், தாத்தா. ஒன்று அம்மா வீட்டுக்குப் போய்விட்டது" என்று என்னைத் திருத்தினாள்.

இவ்வாறு எந்தக் கதையிலும் பேசப்படாதவரையே அவள் தேடினாள். வெளியே நின்றவர், திரும்பாத காகம், வீட்டிலிருந்த தாய் ஆகியோரே அவள் கண்ணுக்குப் புலப்பட்டனர். அதன் காரணம் சாமுவேலின் கதையைச் சொன்ன இரவில் எனக்கு விளங்கிற்று.

அன்னாள் என்பவள் மகப்பேறின்றி வருந்தினாள். தனக்கு ஒரு மகன் பிறப்பின் அவனை இறைப்பணிக்கே ஒப்படைப்பதாக நேர்ந்துகொண்டாள். சாமுவேல் பிறந்தான். பால் மறந்த பின்னர் அவனைச் சீலோ என்னும் ஊரிலிருந்த திருக்கோயிலுக்குக் கொண்டுசென்று, ஏலி என்னும் முதிய குருவிடம் விட்டு வந்தாள். ஆண்டுதோறும் வழிபடச் செல்லும்போது, மகனுக்கு ஒரு சிறிய சட்டை தைத்துக் கொண்டுபோவாள்.

வழக்கமாகக் கதைக்கு இடையே பத்து வினா எழுப்பும் குழந்தை அன்று வாய் திறக்கவில்லை. நான் சொல்லி முடித்து நெடுநேரம் ஆன பின்னர், "எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

ஆச்சி கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அதற்குச் சில நாள் முன்னர்த்தான் குவைத்திலிருந்து பேத்திக்கு ஒரு கவுன் வந்திருந்தது. மிக அழகிய உடை. ஆனால் கை இறுக்கமாக இருந்தது. ஆச்சி இரவோடு இரவாகத் தையலைப் பிரித்துத் தளர்த்தித் தைத்திருந்தாள். அதைக் குழந்தை அறிந்திருந்தாள் என்பது எங்களுக்கு அப்பொழுதே தெரிந்தது. நாள்தோறும் தாயும் மகளும் கைபேசியில் ஒருவர் முகத்தை ஒருவர் காண்கின்றனர், பேசுகின்றனர், சிரிக்கின்றனர். ஆனால் கைபேசியில் முகம் தெரியும், உயரம் தெரியாது.

"உனக்கு எப்படித் தோன்றுகிறது?" என்று நான் கேட்டேன்.

"ஏலித் தாத்தா ஒரு நூலால் அளந்து, அந்த ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்து அனுப்பியிருப்பார்."

"ஏலிக்கு வயதாகிக் கண் மங்கியிருந்ததே, அம்மா!"

"உங்களுக்கும்தான் மங்கல். தொட்டுத் தொட்டு அளக்கலாமே!"

மறுநாள் இரவு கதையின் எஞ்சிய பகுதியைச் சொன்னேன். சாமுவேல் கோயிலில் படுத்திருந்தபோது, இரவில் அவன் பெயரைச் சொல்லி அழைக்கும் குரல் கேட்டது. அவன் எழுந்து ஏலியிடம் ஓடி, "இதோ வந்தேன்" என்றான். ஏலியோ தாம் அழைக்கவில்லை என்றார். இவ்வாறு மும்முறை நிகழ்ந்தது. மூன்றாம் முறை, அழைப்பவர் இறைவனே என்று ஏலி உணர்ந்தார். சமயச் சான்றோர் பலர் இதைக்கொண்டு இறைவன் குரலுக்குச் செவிசாய்த்தலை விளக்குவர். என் பேத்தி கேட்டது வேறு. "இருட்டில் கூப்பிட்டால் அம்மா என்றுதானே முதலில் நினைப்பான்? ஏன் தாத்தாவிடம் ஓடினான்?"

நான் விடை கூறுமுன் அவளே சொன்னாள்: "அம்மா என்றுதான் நினைத்திருப்பான். ஆனால் அம்மா தூரத்தில் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் பக்கத்தில் இருந்தவரிடம் ஓடினான்."

உரையாசிரியர் பலர் எழுதிய உரைகளை நான் கற்றிருக்கின்றேன். கற்பித்தும் இருக்கின்றேன். என் உள்ளத்தை இவ்வாறு அசைத்த உரை வேறொன்றில்லை. அவளை அருகே அழைத்து அமர்த்திக்கொண்டேன். அன்று வேறு கதை சொல்லவில்லை.

விடிந்ததும் ஒரு நூற்கண்டை எடுத்தேன். கழுத்து முதல் கணுக்கால் வரை ஒரு நூல். தோளுக்குத் தோள் ஒரு நூல். கையின் நீளத்துக்கு ஒரு நூல். ஒவ்வொன்றையும் அவளே வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சு இட்டாள். அவற்றை ஓர் உறையிலிட்டு, குவைத்துக்குத் திரும்பவிருந்த எங்கள் தெருப் பெண்மணி ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம். ஏறத்தாழ இரண்டு திங்கள் கழிந்தபின் உடை வந்தது. தாய், பணி முடிந்த இரவுகளில் தன் கையாலேயே தைத்தது அது. தோள் சரியாக இருந்தது. கையும் சரியாக இருந்தது. கீழ்விளிம்பை ஆச்சி தடவிப் பார்த்தாள். உட்புறம் நான்கு விரல் அகலத்துக்குத் துணி மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. நூல் வந்து சேர்ந்து உடை போய்ச் சேருமுன் குழந்தை வளர்ந்திருப்பாள், இன்னும் வளர்வாள் என்று தாய் எண்ணியிருந்தாள். குழந்தை அந்த மடிப்பை விரித்துப் பார்த்து, "அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது" என்று மெல்லச் சொன்னாள்.

மாணவர்களே! நன்னூலார் கூறும் உத்திகள் 32. அவற்றுள் ஒன்று 'உய்த்துணர வைப்பு' என்பது. ஆசிரியன் எல்லாவற்றையும் விளம்பாமல், கற்போன் தன் அறிவைச் செலுத்தி உணருமாறு சிலவற்றை விட்டுவைத்தலே அது. பழங்கதைகள் இவ்வுத்தியால் நிறைந்தவை. சாமுவேலின் தாய் என்ன எண்ணினாள் என்று நூல் சொல்வதில்லை. ஒரு சிறிய சட்டையை மட்டும் காட்டி நிறுத்திவிடுகின்றது. அச்சட்டையினூடே தாயின் நெஞ்சைக் காண்பது கேட்போர் கடமை. வளர்ந்தோர் சட்டையைத் தாண்டிச் சென்றுவிடுவர். குழந்தை அதைக் கையில் எடுத்து அளவு பார்க்கும்.

தொலைநாட்டுக் கதைகளைத் தம் முற்றத்துக்குக் கொண்டுவரும் திறம் குழந்தைக்கும் கவிஞர்க்கும் பொது. இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர், 1726ஆம் ஆண்டில் தேம்பாவணி என்னும் காப்பியத்தை இயற்றினார். அதன் தலைவர் சூசையப்பர். களம் யூதேயா நாடு. ஆயினும் அக்காப்பியத்தின் நாட்டு வளத்தைப் பயில்வோர், தமிழ்நாட்டு மருதநிலத்து வயலையும் பொய்கையையுமே காண்பர். முனிவர் பெருநாட்டைத் தமிழ் வயலில் நட்டார். சிறுமி நோவாவின் காகத்துக்கு எங்கள் வீட்டு மதிலில் இடம் தந்தாள். இரண்டும் ஒரே கற்பனையின் பெருமையும் சிறுமையும் ஆகும்.

கற்பனை என்றதும் அதைப் பொய் என்று எண்ணுவார் உளர். தன் வயிறு நிறைந்திருக்கும்போது பிறர் பசியை உணர்வதற்கும், கதவுக்கு உள்ளே இருந்துகொண்டு வெளியே நிற்பவரின் கை வலியை அறிவதற்கும் கற்பனையே வேண்டும். அதன் துணையின்றி அருள் என்னும் பண்பு தோன்ற இடமில்லை. சிறுவயதில் கதை கேட்டு, அதில் பெயரில்லாத ஒருவருக்காக ஒருமுறையேனும் வருந்திய குழந்தை, பின்னாளில் தெருவில் பெயரறியாத ஒருவர் வருந்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாது.

உங்கள் இல்லங்களில் தம்பியரும் தங்கையரும் இருப்பர். அவர்களுக்கு இராமன் கதை சொல்லுங்கள். கண்ணகி கதை சொல்லுங்கள். நபிமார் கதையும் நோவாவின் கதையும் சொல்லுங்கள். அவர்கள் இடையிலே வினா எழுப்பினால், "பேசாமல் கேள்" என்று அடக்காதீர்கள். கதை முடியுமுன் அதன் நீதியை எடுத்து நீட்டாதீர்கள். சற்றே பொறுத்து, "உனக்கு எப்படித் தோன்றுகிறது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடையில் கதையின் பொருள் இருக்கும். அதனினும் மேலாக, வாய்விட்டுச் சொல்ல அறியாத அவர்தம் உள்ளம் இருக்கும்.